வெளிநாட்டுக்குப் போகும்போதே திரும்பி வரும் கணக்கையும் போடுங்கள்

பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கம் ஏதாவது ஒரு தெருவில் நின்று பார்த்தாலே போதும். எந்த வீட்டு ஆள் வளைகுடாவில் இருக்கிறார் என்று கதவைத் தட்டாமலே சொல்லிவிடலாம். வீட்டின் முன்பக்கம் டைல்ஸ் ஒட்டியிருக்கும். மாடிப்படி முடிந்திருக்கும், மாடி முடிந்திருக்காது. மேல்தளத்தில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு, துருவேறி, அடுத்த லீவுக்காகக் காத்து நிற்கும். அந்த லீவு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும். சில வீடுகளில் நாலு வருடம் ஆகும்.

போவதற்கு எல்லாரும் திட்டம் போடுகிறோம். பாஸ்போர்ட், மெடிக்கல், விசா, டிக்கெட், யாரிடம் கடன், எந்த நகை அடகு என்று ஒன்றுகூட விட்டுப்போவதில்லை. திரும்பி வருவதற்கு மட்டும் யாரும் திட்டம் போடுவதில்லை. இந்த மாவட்டங்களில் குடிபெயர்வால் வந்த கஷ்டத்தில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது.

நாட்டுக் கணக்கில் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். 2024-இல் வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. உலகத்தில் வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு வரவில்லை. ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்பின்படி இந்தியாவுக்கு வரும் தொகையில் சுமார் 10 சதவீதம் தமிழ்நாட்டுக்கு வருகிறது. 2015-இல் எடுத்த தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் தமிழர்கள் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னது. நேபாளம் போன்ற நாட்டில் இப்படி வரும் பணம் மொத்த உற்பத்தியில் கால்வாசி. இந்தியாவில் 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஆகவே நாடு இதை நம்பிப் பிழைக்கவில்லை. ஆனால் ஒரு ஊராட்சியை, ஒரு தெருவை எடுத்துக்கொண்டால் நாம் நேபாளத்தைவிட அதிகமாக இதை நம்பியிருக்கிறோம். நாட்டுச் சராசரி இதைக் காட்டாது.

வட ஆற்காட்டிலிருந்து ஆள் போவது புதிதில்லை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்த முதல் கூலிக் கப்பல் தொடங்கி 1911 வரை, அந்த ஒரு குடியேற்ற நாட்டுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். வட ஆற்காடு அதில் முக்கியமான மாவட்டம். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் எழுதி ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் சந்ததிக்கு டர்பன்தான் சொந்த ஊர். வளைகுடாவில் அப்படி முடியாது. முப்பது வருடம் உழைத்தாலும் குடியுரிமை கிடைக்காது. வேலை முடிந்தால் விசா முடியும், விசா முடிந்தால் விமானம். போகிறவர் திரும்பியே ஆக வேண்டும்.

அதுவும் நாம் நினைக்கும் நாளில் இல்லை. 1990-இல் குவைத் மீது படையெடுப்பு நடந்தபோது ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களை விமானத்தில் கொண்டுவந்தார்கள். 2013-இல் சவூதி, உள்நாட்டு ஆட்களுக்கு வேலை ஒதுக்கும் ‘நிதாகத்’ சட்டத்தை இறுக்கியபோது, ஆசாத் விசாவில், அதாவது ஒருவர் பெயரில் விசா வாங்கிப் போய் வேறு இடத்தில் வேலை பார்த்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். 2020-இல் கொரோனா. மூன்று முறையும் வெறுங்கையோடு வந்தவர்கள்தான் அதிகம்.

வேலூர் பக்கத்திலேயே இதற்கு நேரெதிரான ஒரு ஊர் இருக்கிறது. கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிறார்கள். அங்கேயும் ஆண்கள் பல வருடம் ஊரில் இருப்பதில்லை, அங்கேயும் பெண்கள்தான் வீட்டை நடத்துகிறார்கள். ஆனால் பதினைந்து வருட சர்வீஸ் முடித்து வரும் ஜவானுக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு, கேன்டீன் உண்டு, மருத்துவம் உண்டு. பதினைந்து வருடம் சவூதியின் தம்மாமில் லாரி ஓட்டியவருக்கு இதில் எதுவும் இல்லை. வளைகுடா நாடுகளோடு இந்தியாவுக்கு ஓய்வூதிய ஒப்பந்தமும் கிடையாது. இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் சம்பாத்தியத்தில் இல்லை, அந்தப் பென்ஷனில் இருக்கிறது.

ஊருக்கு என்ன ஆகிறது? முதலில் கழனி. நம் பக்கம் ஏரிப் பாசனம். வாய்க்கால் தூர் வாருவது, மதகு பார்ப்பது எல்லாம் ஆயக்கட்டுக்காரர்கள் சேர்ந்து செய்கிற வேலை. பத்துப் பேர் நிலத்துக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலில் நாலு பேர் வெளிநாட்டில் இருந்தால், ‘என் பங்குக்குப் பணம் தருகிறேன்’ என்பார்கள். பணம் வரும், மண்வெட்டி பிடிக்க ஆள் வராது. இரண்டு வருடம் தூர் வாராமல் விட்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. மூன்றாவது வருடம் கடைமடை நிலம் தரிசு, அதன்பிறகு சீமைக்கருவேலம். நஷ்டப்படுவது வெளிநாட்டில் இருப்பவர் இல்லை, பக்கத்து நிலத்துக்காரர். பாலாற்றங்கரையில் தோல் கழிவால் கிணறு உப்பாகி, 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஊர்களில் இந்தத் தரிசு இன்னும் வேகமாகப் பரவியது. நிலம் சோறு போடாத வீட்டில் பையனை விமானம் ஏற்றுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அடுத்தது மனை விலை. வெளியிலிருந்து வரும் பணம் தொழிலில் இறங்காமல் மனையிலும் நகையிலும் இறங்கும்போது, அந்த இரண்டின் விலையும் உள்ளூர்க் கூலிக்கு எட்டாத உயரத்துக்குப் போகிறது. அதே தெருவில் வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பம் இரண்டு சென்ட் வாங்க முடியாமல், அவர்களும் ஒரு பையனை அனுப்பக் கடன் வாங்குகிறார்கள். கல்யாணச் செலவும் இப்படித்தான் ஏறியது. ஒருவர் போனதாலேயே இன்னொருவர் போக வேண்டிய நிலை வருகிறது.

ஆஸ்பத்திரிகளில் வேறு மாதிரி. 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையால் வேலூர் நர்ஸ் பயிற்சிக்குப் பெயர் வாங்கிய ஊர். இரண்டு மூன்று வருடம் வார்டில் கை பழகியதும் சவூதி பிராமெட்ரிக், இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்று தேர்வு எழுதிப் போய்விடுகிறார்கள். போகிற பெண்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே தரும் சம்பளம் அப்படி. ஆனால் புதிதாக வந்தவரை மேற்பார்க்கும் அனுபவசாலி வார்டில் குறைந்துகொண்டே போவதை நோயாளி உணர்கிறார். குடிபெயர்வு அனுமதி கேட்கும் பட்டியலில் உள்ள இ.சி.ஆர். நாடுகளுக்கு நர்ஸாகப் போகிறவர்கள் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்று 2015-இல் விதி வந்தது. தமிழ்நாட்டில் 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அதைச் செய்கிறது. வெளியே லட்சக்கணக்கில் கேட்கும் தரகரிடம் போவதற்கு முன் அங்கே பதிவு செய்யுங்கள்.

இனி, போகிற வீடு செய்ய வேண்டியவை.

முதல் கணக்கு கடன். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை. சவூதி, குவைத், கத்தார், ஓமன், எமிரேட்ஸ், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், 18 சதவீத வரி சேர்த்து 35,400. ரசீது கொடுக்க வேண்டும். ஏஜெண்டின் பதிவு நம்பரை அரசின் இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பார்த்தால் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஊரில் நடப்பது வேறு. சப்-ஏஜெண்ட் 1,20,000 கேட்பார், ரசீது கிடையாது. அதை மூணு வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்) வாங்கினால் வட்டி மட்டும் மாதம் 3,600. சம்பளம் 1,200 ரியால், ரியால் 22 ரூபாய் என்று வைத்தால் 26,400. சாப்பாட்டுக்கும் போனுக்கும் 400 ரியால் போக வீட்டுக்கு வருவது 17,600. வட்டி போனால் 14,000. வீட்டுச் செலவுக்கு 8,000 எடுத்தால் அசலுக்கு மிஞ்சுவது 6,000. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்றாலும், கடன் அடைய ஒன்றேகால் வருடத்துக்கு மேல் ஆகும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் கடன்காரருக்கு உழைத்ததாகிறது. அதற்குள் வேலை போனால் அடகில் இருக்கும் நகை முழுகும். ஆகவே வட்டிக்கு வாங்குவதற்கு முன் நகையை வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ வைத்து வாங்குங்கள். வட்டி மூன்றில் ஒரு பங்குக்குள் வரும். கடன் அடையும் வரை வீட்டில் ஒரு செங்கல் வைக்கக் கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள்.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பதை நம்ப வேண்டாம். அப்படிப் போகும் இ.சி.ஆர். பாஸ்போர்ட்காரருக்கு அரசுப் பதிவு கிடையாது, காப்பீடும் கிடையாது. முறையாகப் போகிறவர் ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’வில் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயோ மூன்று வருடத்துக்கு 375 ரூபாயோ கட்டுகிறார். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் வரும். அந்த பாலிசி காகிதம் பெட்டியில் போகக் கூடாது, வீட்டில் இருக்க வேண்டும். நாமினி பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ‘பீவி’ ஒரு காகிதத்திலும் ‘பீ’ இன்னொன்றிலும் இருந்தால் துக்க வீட்டில் அலைய வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தில் படிக்க வேண்டியது மொத்தச் சம்பளத்தை மட்டும் இல்லை. எமிரேட்ஸில் வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் வரும். முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள், அதற்குமேல் வருடத்துக்கு 30 நாள். அடிப்படை 1,200 திர்ஹம் என்றால் ஏழு வருடத்துக்கு 4,200-ம் 2,400-ம் சேர்ந்து 6,600 திர்ஹம். அதே ஆளுக்கு அடிப்படை 600 என்றும் மீதி 600 அலவன்ஸ் என்றும் எழுதியிருந்தால் கைக்கு வருவது பாதி. சவூதியில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், பிறகு வருடத்துக்கு ஒரு மாதம். கம்பெனி டிரைவர் 1,800 ரியாலில் ஒன்பது வருடம் இருந்தால் 11,700 ரியால் வர வேண்டும். ஆனால் ஒப்பந்த நடுவில் ‘ராஜினாமா’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்குதான், 7,800 ரியால். 3,900 ரியால் ஒரு வார்த்தையில் போய்விடும். அரபியில் எழுதியதைக் காட்டி ‘எக்ஸிட் (நாட்டை விட்டு வெளியேறும் விசா) அடிக்கக் கையெழுத்துப் போடு’ என்றால், போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்க்காமல் போடக் கூடாது. ஹவுஸ் டிரைவர், வீட்டு வேலை விசா உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குத் தனி விதி; நாலு வருடம் முடித்தால் ஒரு மாதச் சம்பளம். கம்பெனி விசா என்று சொல்லி வீட்டு விசா கொடுப்பதில் இந்த நஷ்டம் ஒளிந்திருக்கிறது.

பணம் அனுப்புவதில் ஒரே பழக்கம்: வங்கி வழியில்லாத உண்டியல் வேண்டாம். ரியாலுக்கு இருபது பைசா கூடக் கிடைக்கும்தான். ஆனால் பத்து வருடம் அனுப்பியதற்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. நிலம் வாங்கும்போதும் வங்கிக் கடன் கேட்கும்போதும், பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. வேலைக்குப் போனதும் பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவரின் உள்நாட்டு வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட்டு, அங்கிருந்து சம்பளம் வர என்.ஆர்.இ. கணக்கு திறக்க வேண்டும். என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுவார்கள். மனைவிக்கு அவர் பெயரிலேயே தனிக் கணக்கு இருக்கட்டும்; வீட்டுச் செலவுக்கான தொகை மாதா மாதம் தேதி தவறாமல் அதில் விழட்டும். மாமனார் கணக்குக்கு மொத்தப் பணமும் போய், மருமகள் பத்து ரூபாய்க்குக் கை நீட்டும் வீடுகளில் சண்டை வராமல் இருந்ததில்லை.

நிலம் வாங்குவதில் பெரிய தப்பு ஒன்று நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. வெளிநாட்டில் குடியிருப்பவர் தன் பெயரில் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்பா சொத்து வாரிசாக வரலாம். வீட்டு மனையும் வீடும் வாங்கலாம். ‘கழனி மலிவாக வருகிறது, லீவில் வந்தபோது முடித்துவிடலாம்’ என்று பதிவு செய்தால் பிற்பாடு விற்கும்போது சிக்கும். மனையாக இருந்தால் 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அனுமதி மூன்றும் பார்த்த பிறகுதான் முன்பணம். லீவில் வர முடியாமல் ஊரில் ஒருவருக்குப் பவர் கொடுப்பதானால், எந்தச் சொத்துக்கு, எந்த வேலைக்கு என்று குறிப்பிட்டே எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்க வேண்டாம். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, காகிதம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டினால்தான் செல்லும். இந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டு மறுபடி எழுதியவர்கள் நிறைய.

வீடு கட்டினால் மேஸ்திரிக்குப் பணம் நிலை நிலையாகப் போகட்டும். பேஸ்மென்ட் முடிந்ததும் ஒன்று, லின்டலில் ஒன்று, ரூஃப் கான்கிரீட் அன்று ஒன்று, பூச்சில் ஒன்று, கடைசிப் பதினைந்து சதவீதம் சாவி கைக்கு வந்த பிறகு. வீடியோ காலில் பார்ப்பது போதாது. டேப் பிடித்துத் தூணின் அளவையும் கம்பியின் இடைவெளியையும் காட்டச் சொல்லுங்கள். மாடிக்குக் கம்பியை விடுவதாக இருந்தால் சிமென்ட் பால் பூசி விடுங்கள். வருடக் கணக்கில் மழையில் நின்று செதில் செதிலாக உரியும் கம்பியில் தளம் போட்டால் அது பாரம் தாங்காது. கட்டின பிறகு இரண்டு பேர் மட்டும் இருக்கப்போகும் வீட்டுக்கு ஐந்து அறை எதற்கு என்றும் ஒரு முறை யோசியுங்கள். அதில் இரண்டு அறைக்கான பணம்தான் நாளைக்குத் தொழில் வைக்க வேண்டிய பணம்.

வீட்டில் பென்ஷன் வரக்கூடிய ஆள் யார் என்று கேட்டால் எல்லாரும் வெளிநாட்டில் இருப்பவரைக் காட்டுவார்கள். பல வீடுகளில் அது மனைவிதான். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனி வேனில் காலையில் ஏறிப்போகும் பெண்ணுக்குப் பி.எஃப். பிடிக்கிறார்கள். பத்து வருடச் சேவை சேர்ந்தால் 58 வயதில் மாதாந்திர ஓய்வூதியம் உண்டு. தொகை சின்னது, ஆனால் சாகும்வரை வரும், அவருக்குப் பின் கணவருக்கும் வரும். கம்பெனி மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துச் செலவழித்தால் சேவைக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பி.எஃப்.புக்கான ஒரே யூ.ஏ.என். நம்பரை ஒவ்வொரு கம்பெனியிலும் கொடுங்கள், எடுக்காமல் மாற்றுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ். கணக்கை அங்கிருந்தே தொடங்கலாம். பழைய பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) இருந்தால் முதிர்வு வரை தொடரலாம். புதிதாகத் திறக்க முடியாது.

வயதான அப்பா அம்மாவுக்காக ஒரு ஏற்பாடு. நடு இரவில் நெஞ்சுவலி என்றால் பணம் அனுப்பி ஆகாது. அட்மிஷனில் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று போவதற்கு முன்பே பேசி முடிவு செய்து, அவர் எடுக்கக்கூடிய கணக்கில் 50,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருங்கள். மருந்துப் பட்டியலும் பழைய ஈ.சி.ஜி.யும் ஒரு கவரில், பீரோவுக்குள் இல்லாமல், கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும்.

திரும்பி வந்தவர் செய்யும் தப்பு ஒரே மாதிரி. எட்டு லட்சம் கொண்டு வருவார். கடை அட்வான்ஸ் இரண்டு, உள் அலங்காரம் மூன்றரை, சரக்கு இரண்டு. கையில் 50,000. வாடகையும் இரண்டு ஆள் சம்பளமும் மாதம் 50,000 வந்தால், கடை சூடு பிடிப்பதற்குள் மூடுவிழா. ஆறு மாத வாடகையும் சம்பளமும் தனியாக எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதுதான் முதலீடு. அரசுக் கடன் வாங்குவதாக இருந்தால் அதற்கு முன் கடையைத் திறக்காதீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் புதுத் தொழிலுக்குத்தான்; நீங்களே முன்பே திறந்துவிட்ட கடைக்குக் கிடைக்காது. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பித்து, வங்கி அனுமதி வந்த பிறகு ஷட்டர் தூக்குங்கள். ‘மாதம் எட்டு சதவீதம் தருகிறோம்’ என்று வீடு தேடி வருகிறவர்களிடம் பணிக்கொடையைக் கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் இதில் இழந்தது கொஞ்சமில்லை.

எக்ஸிட் அடிக்கும் மாதத்தில் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டியவை: கடைசிக் கணக்குத் தீர்வுச் சீட்டு, லெட்டர்ஹெட்டில் சீலோடு அனுபவச் சான்று, ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அந்த நாட்டு டிரைவிங் லைசென்ஸின் இரண்டு பக்க நகல். அனுபவச் சான்றில் ‘லேபர்’ என்று போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்து, கிரேன் ஆபரேட்டரா, ஏ.சி. டெக்னீஷியனா, பார்த்த வேலையை எழுதச் சொல்லுங்கள். விமானம் ஏறிய பிறகு அந்த ஒரு வார்த்தையை மாற்ற முடியாது. ஊர் வந்ததும் வங்கிக்குச் சொல்லி என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுங்கள்.